டாலி மெசெஞ்சர்

ஹெர்பர்ட் ஹென்றி "டாலி" மெசெஞ்சர் (ஏப்ரல் 12, 1883 – நவம்பர் 24, 1959) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரக்பி விளையாட்டு வீரர் ஆவார். ரக்பி யூனியன், ரக்பி லீக் ஆகிய இரு விளையாட்டுகளிலும் தன் நாட்டுக்காக ஆடியவர். 1907 ஆம் ஆண்டு சிட்னியில் ரக்பி லீக் தோன்றியபோது, ரக்பி யூனியனை விட்டு அப்புதிய விளையாட்டுக்குச் சென்றவர்களுள் மிகவும் புகழ் பெற்றவர் இவரே. இவரது வருகையே ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் வேரூன்ற முதன்மையான காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். ரசிகர்கள் இவரை "மாஸ்டர்" என்று அழைத்தனர். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் தொடரில் ஆண்டுதோறும் வழங்கப்படும் டாலி எம் விருதுகள் இவர் பெயரால் அமைந்தவை. 2018 ஆம் ஆண்டில் அந்நாட்டு ரக்பி லீக்கின் மிக உயர்ந்த சிறப்பான "அமரர்" என்னும் தகுதி இவருக்கு அளிக்கப்பட்டது.

பிறப்பும் இளமையும்

மெசெஞ்சர் சிட்னி நகரின் பால்மெயின் பகுதியில் பிறந்தார். இவரது குடும்பம் படகுக் குடும்பம் ஆகும். பாட்டனார் ஜேம்ஸ் மெசெஞ்சர் இங்கிலாந்தில் தொழில்முறைத் துடுப்புப் படகுப் போட்டியில் வாகையராக விளங்கியவர். தந்தை சார்லஸ் ஏமோஸ் மெசெஞ்சரும் பெயர் பெற்ற துடுப்பு வீரர். படகு கட்டுவதும் அவரது தொழில். சிட்னித் துறைமுகத்தின் டபுள் பே கரையில் அவர் நடத்தி வந்த படகுக் கொட்டகையில்தான் மெசெஞ்சரின் இளமைக்காலம் கழிந்தது. டபுள் பே அரசுப் பள்ளியில் பயின்ற இவர், பின்னர் தந்தையின் கொட்டகையிலேயே வேலை செய்தார்.

"டாலி" என்பது இயற்பெயர் அன்று. குழந்தையாக இருந்தபோது இவருக்கு உருண்டையான தொப்பை இருந்ததாம். அக்காலத்தில் நியூ சவுத் வேல்சு அரசியலில் புகழ் பெற்றிருந்த வில்லியம் பீட் டாலி என்பவரும் தொப்பைக்குப் பெயர் போனவர். ஆகவே வீட்டார் குழந்தையை அவர் பெயரால் விளையாட்டாக அழைக்கத் தொடங்கினர். அப்பெயரே நிலைத்து விட்டது. இயற்பெயரைக் கூறினால் ஆஸ்திரேலியாவிலும் பலர் அடையாளம் காண மாட்டார்கள்.

படகோட்டுதல், பாய்மரப் படகு, கிரிக்கெட் ஆகியவற்றில் இளமை முதலே தேர்ச்சி பெற்றிருந்த மெசெஞ்சர், ரக்பிக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தார். வாரிகல்ஸ் என்னும் சிறு கழகத்தில் ஆடிய பின், ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் ரக்பி யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1906 இல் அக்கழகத்தின் முதல் அணியில் இடம் பெற்றார். அதே ஆண்டிலேயே நியூ சவுத் வேல்சு மாநில அணிக்கும் தேர்வானார். 1907 இல் நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது, அதனை எதிர்த்து இரண்டு டெஸ்ட் போட்டிகளில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார். இவ்வாறு இரண்டே பருவங்களில் சிட்னி ரசிகர்கள் பெரிதும் காண விரும்பிய ஆட்டக்காரராக ஆகிவிட்டார்.

பிளவின் பின்னணி

மெசெஞ்சரின் முடிவைப் புரிந்துகொள்ள அன்றைய ரக்பியின் நிலையை அறிதல் வேண்டும். ரக்பி யூனியன் கண்டிப்பான அமெச்சூர் விளையாட்டாக நடத்தப்பட்டது. அதாவது, ஆட்டத்திற்காக எவ்வித ஊதியமும் பெறக்கூடாது. ஆட்டத்தால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கான கூலியையும் ஈடாகப் பெறக்கூடாது. வசதி படைத்தோருக்கு இவ்விதி ஒரு பொருட்டன்று. நாட்கூலி பெறும் தொழிலாளருக்கோ இது நேரடி இழப்பு.

வட இங்கிலாந்தில் இச்சிக்கல் முன்னரே வெடித்தது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த ஆட்டக்காரர்களுக்கு இழந்த கூலியை ஈடு செய்ய வேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கோரின. யூனியன் அமைப்பு மறுத்தது. 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்பீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய அக்கழகங்கள் பிரிந்து சென்று நார்தர்ன் யூனியன் என்னும் தனி அமைப்பை உருவாக்கின. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை ஈட்டுத்தொகை அனுமதிக்கப்பட்டது. பின்னர் இவ்வமைப்பு ஆட்ட விதிகளையும் மாற்றியது. பக்கக்கோட்டில் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடரும் முறை 1897 இல் நீக்கப்பட்டது. 1906 இல் அணிக்கு 15 பேர் என்பது 13 பேராகக் குறைக்கப்பட்டது. ஆட்கள் குறைந்ததால் களத்தில் இடைவெளி கூடியது. ஓடியும் உதைத்தும் ஆடும் பின்வரிசை வீரர்களுக்கு இது பெருவாய்ப்பாக அமைந்தது. மெசெஞ்சரின் ஆட்டத்தை இதனோடு இணைத்தே பார்க்க வேண்டும். இவ்விளையாட்டே பிற்காலத்தில் ரக்பி லீக் எனப் பெயர் பெற்றது.

சிட்னியின் ஆட்டக்காரர்களிலும் பெரும்பாலோர் உழைக்கும் வகுப்பினரே. 1907 சூலையில் நியூ சவுத் வேல்சும் நியூசிலாந்தும் மோதிய ஆட்டத்தைக் காண 50,000க்கும் மேற்பட்டோர் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் திரண்டனர். நுழைவுக் கட்டணமாகப் பெருந்தொகை வசூலானது. களத்தில் ஆடியவர்களுக்கு அதில் பங்கில்லை. அதே ஆண்டில், முடி திருத்தும் தொழில் செய்து வந்த அலெக் பர்டன் என்னும் முன்வரிசை வீரர் காயமுற்று வேலைக்குச் செல்ல முடியாமல் போனபோது, அவருக்கு ஈடு எதுவும் கிடைக்கவில்லை. ரக்பி லீக் வரலாற்று நூல்கள் பலவும் இந்நிகழ்வைத் தொடக்கப் புள்ளியாகக் கூறுகின்றன. எனினும் காரணம் ஒரு காயம் மட்டுமன்று. மனக்குறை பல ஆண்டுகளாகவே சேர்ந்து வந்தது. பர்டனின் நிலை அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தது எனலாம்.

இந்நிலையில் நியூசிலாந்திலிருந்து மற்றொரு தூண்டுதல் வந்தது. வெலிங்டன் நகர அஞ்சலக எழுத்தர் ஆல்பர்ட் ஹென்றி பாஸ்கர்வில், நார்தர்ன் யூனியன் அணிகளுடன் மோதுவதற்காக ஒரு தொழில்முறை நியூசிலாந்து அணியைத் திரட்டினார். அணியின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் 50 பவுண்டு முதலீடு செய்து, பயணத்தின் வருவாயைப் பங்கிட்டுக் கொள்வது என்பது ஏற்பாடு. 1905-06 இல் பிரித்தானியாவில் ஆடிய ஆல் பிளாக்ஸ் வீரர்கள் நாளுக்கு 3 ஷில்லிங் படியுடன் திரும்பியதை அவர்கள் மறக்கவில்லை. செய்தித்தாள்கள் இப்புதிய அணியை எள்ளலாக "ஆல் கோல்ட்ஸ்" என்று அழைத்தன. வசையாக வைத்த அப்பெயரே இன்று பெருமைக்குரியதாக வழங்கப்படுகிறது.

1907: மெசெஞ்சரின் முடிவு

1907 ஆகஸ்டு 8 அன்று சிட்னி ஜார்ஜ் தெருவிலுள்ள பேட்மன்ஸ் கிரிஸ்டல் விடுதியில் நடந்த கூட்டத்தில் நியூ சவுத் வேல்சு ரக்பி லீக் நிறுவப்பட்டது. தொழில் முனைவோரும் கிரிக்கெட் நடுவருமான ஜேம்ஸ் ஜோசப் கில்டினன் செயலாளராகவும், அரசியல்வாதியான ஹென்றி ஹோய்ல் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பொருளாளர் பொறுப்பை ஏற்றவர் விக்டர் டிரம்பர். 1902 இல் ஓல்டு டிராபோர்டு டெஸ்ட் போட்டியில் உணவு இடைவேளைக்கு முன்பே நூறு ஓட்டங்கள் எடுத்த அதே கிரிக்கெட் மட்டையாளர்தான் இவர். சிட்னி மார்க்கெட் தெருவில் டிரம்பர் நடத்திய விளையாட்டுப் பொருட்கள் கடையே புதிய இயக்கத்தினர் கூடிப் பேசும் இடமாக இருந்தது.

அமைப்பு இருந்தது, ஆனால் மக்களைத் திரட்டவல்ல ஓர் ஆட்டக்காரர் தேவைப்பட்டார். பாஸ்கர்விலின் அணி இங்கிலாந்து செல்லும் வழியில் சிட்னியில் மூன்று ஆட்டங்கள் ஆட இசைந்திருந்தது. அவ்வாட்டங்களுக்குக் கூட்டம் வராவிட்டால் லீக் பிறந்த மாதத்திலேயே மடிந்திருக்கும். ஆகவே கில்டினனும் டிரம்பரும் மெசெஞ்சரை அணுகினர். மெசெஞ்சர் தாயாரிடம் மிகுந்த மதிப்புக் கொண்டவர். அவர்கள் டபுள் பே இல்லத்துக்குச் சென்று முதலில் தாயாரின் இசைவைப் பெற்ற பின்னரே மெசெஞ்சர் சம்மதித்தார் என்று கூறப்படுகிறது.

இம்முடிவை வெறும் பண ஆசை என அன்றைய யூனியன் ஆதரவாளர்கள் சாடினர். இக்குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை. பணம் கிடைத்தது உண்மையே. ஆனால் மூன்று ஆட்டங்களுக்கு அப்பால் எந்த உறுதியும் இல்லாத ஒரு விளையாட்டுக்காக, நாட்டின் முதன்மையான யூனியன் வீரர் என்ற இடத்தையே மெசெஞ்சர் பணயம் வைத்தார். அவரிடம் அப்போது இழப்பதற்கு நிறைய இருந்தது.

முதல் ஆட்டம் 1907 ஆகஸ்டு 17 அன்று சிட்னி வேளாண் கண்காட்சித் திடலில் நடந்தது. சுமார் 20,000 பேர் கூடினர். நியூசிலாந்து 12–8 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. இங்கு ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். நார்தர்ன் யூனியனின் விதிநூல் அதுவரை சிட்னிக்கு வந்து சேரவில்லை. எனவே, ரக்பி யூனியனிலிருந்து விடுபடுவதற்காக நடத்தப்பட்ட அந்த ஆட்டங்கள் மூன்றும் ரக்பி யூனியன் விதிகளின்படியே ஆடப்பட்டன.

பங்கேற்ற ஆட்டக்காரர்களை யூனியன் அமைப்பு வாழ்நாள் முழுமைக்கும் விலக்கியது. மெசெஞ்சர் விடயத்தில் அது இன்னும் ஒரு படி மேலே சென்று, அவர் யூனியனில் ஆடியது தொடர்பான பதிவுகளையே நீக்கியது. மாநிலத்துக்கும் நாட்டுக்கும் அவர் ஆடிய ஆட்டங்கள் ஏட்டளவில் நடக்காதவை ஆயின.

ஆல் கோல்ட்ஸ் அணியுடன் பிரித்தானியாவில்

சிட்னி ஆட்டங்களில் மெசெஞ்சரின் திறனைக் கண்ட நியூசிலாந்து அணியினர், தங்களுடன் பிரித்தானியாவுக்கு வருமாறு அவரை அழைத்தனர். அவர் இணங்கினார். இவ்வாறு ஆஸ்திரேலியர் ஒருவர் நியூசிலாந்து அணியின் சீருடையில் கப்பலேறினார். அணி 1907 அக்டோபர் தொடக்கத்தில் லீட்ஸ் நகரை அடைந்தபோது பெருங்கூட்டம் வரவேற்றது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு 13 பேர் ஆடும் விதிகள் புதியவை. ஒரு வாரத்துக்குள் அவற்றைக் கற்றுக்கொண்டு, அக்டோபர் 9 அன்று பிராம்லி கழகத்துக்கு எதிராக முதல் ஆட்டத்தை ஆடினர்.

1908 சனவரி 1 அன்று அபர்டேர் நகரில் வேல்சு அணியிடம் நியூசிலாந்து 8–9 என ஒரு புள்ளியில் தோற்றது. தொடர்ந்து பிரித்தானிய அணியுடன் மூன்று டெஸ்ட் போட்டிகள் நடந்தன. லீட்ஸ் நகரில் நடந்த முதல் போட்டியில் பிரித்தானியா 14–6 என வென்றது. இலண்டன் செல்சியில் நடந்த இரண்டாவதில் நியூசிலாந்து 18–6 என வென்று சமன் செய்தது. செல்டன்ஹாம் நகரில் நடந்த மூன்றாவதிலும் 8–5 என வென்று தொடரைக் கைப்பற்றியது. மூன்று போட்டிகளிலும் மெசெஞ்சர் ஆடினார். பயணம் முழுவதிலும் 146 புள்ளிகள் எடுத்து அணியில் முதலிடம் பெற்றார். வேறு எவரும் அதனை நெருங்கவில்லை.

இப்பயணத்தின் பயனைப் புள்ளிகளால் மட்டும் அளக்க இயலாது. சிட்னியில் இவ்விளையாட்டு முறையாகத் தொடங்குவதற்கு முன்பே, அதன் பிறப்பிடத்தில் பல மாதங்கள் ஆடிய அனுபவத்துடன் ஓர் ஆஸ்திரேலியர் நாடு திரும்பினார். உள்ளூர் ஆட்டக்காரர்கள் விதிநூலைப் படித்து அறிய வேண்டியிருந்ததை அவர் களத்தில் ஆடிக் காட்டக் கூடியவராக இருந்தார்.

திரும்பும் வழியில் ஆல் கோல்ட்ஸ் அணி ஆஸ்திரேலியாவில் மூன்று டெஸ்ட் போட்டிகளை ஆடியது. 1908 மே 9 அன்று சிட்னியில் நடந்த முதல் போட்டியே ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணியின் முதல் டெஸ்ட் போட்டியாகும். நியூசிலாந்து 11–10 என வென்றது. சில மாதங்களுக்கு முன்பு வரை தன்னுடன் ஆடிய தோழர்களை எதிர்த்து இம்முறை மெசெஞ்சர் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார். அடுத்த போட்டிக்காகப் பிரிஸ்பேன் செல்லும் கப்பலில் பாஸ்கர்விலுக்கு நிமோனியா காய்ச்சல் கண்டது. மே 20 அன்று அவர் பிரிஸ்பேனில் காலமானார். அவருக்கு வயது 25. இரு நாடுகளில் ஒரு விளையாட்டைத் தொடங்கி வைத்த அவர், சொந்த மண்ணில் அது வளர்வதைக் காணவில்லை.

முதல் கங்காரு பயணம்

1908 ஏப்ரல் 20 அன்று ஒன்பது கழகங்களுடன் சிட்னியின் முதல் ரக்பி லீக் தொடர் தொடங்கியது. மெசெஞ்சர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் இறுதிப் போட்டி வரை முன்னேறி, சவுத் சிட்னியிடம் 12–14 எனத் தோற்றது. அப்போட்டியில் மெசெஞ்சர் ஆடவில்லை. ஆகஸ்டு நடுவிலேயே ஆஸ்திரேலிய அணி பிரித்தானியாவுக்குக் கப்பலேறியிருந்தது. அவர் அந்த அணியில் இருந்தார்.

கங்காரு அணி என்று அழைக்கப்பட்ட இவ்வணியை அழைத்துச் சென்றவர் கில்டினன். டெனிஸ் லட்ஜ் அணித்தலைவராக இருந்தார். அணியினர் அடையாளச் சின்னமாக உயிருள்ள ஒரு கங்காருவையும் கூட்டிச் சென்றனர். பாவம், அது பயணத்தின்போதே இறந்தது. அணியின் பொருளாதார நிலையும் அதைவிட மேலாக இல்லை. 1908 இல் லங்காசயர் பருத்தி ஆலைகள் மூடப்பட்டு, ரக்பி காண வரும் தொழிலாளர்கள் வருவாயின்றித் தவித்தனர். குளிர்காலமும் கடுமையாக இருந்தது. இலண்டன் போன்ற, நார்தர்ன் யூனியன் வேரூன்றாத இடங்களில் நடந்த டெஸ்ட் போட்டிகளுக்குக் கூட்டம் வரவில்லை. இலண்டன் பார்க் ராயலில் நடந்த முதல் டெஸ்ட் 22–22 எனச் சமனாக முடிந்தது. நியூகாசிலில் 5–15, பர்மிங்காமில் 5–6 என மற்ற இரண்டிலும் ஆஸ்திரேலியா தோற்றது.

45 ஆட்டங்கள் கொண்ட இந்த நீண்ட பயணத்திலும் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் மெசெஞ்சரே. இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் சிலவும் அவரது உதைத் திறனைக் கண்டு அவரைத் தம் பக்கம் இழுக்க முயன்றன. அவர் ஏற்கவில்லை.

ஊர் திரும்பக் கப்பல் கட்டணத்துக்கும் அணியிடம் பணம் இல்லை. நார்தர்ன் யூனியன் அமைப்பே அதனைக் கொடுத்து அனுப்பியது. தன் பணத்தை இட்டுப் பயணத்தை நடத்திய கில்டினன் நொடித்துப் போனார். அவர் வெளிநாட்டில் இருந்தபோதே சிட்னியில் லீக்கின் கணக்குவழக்குகள் குறித்துப் பூசல் எழுந்து, 1909 இல் கில்டினன், ஹோய்ல், டிரம்பர் மூவரும் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டனர். தொடங்கியவர்களே ஈராண்டுக்குள் வெளியேற்றப்பட்டது இவ்விளையாட்டின் வரலாற்றில் ஒரு கசப்பான பக்கமாகும். (1951 முதல் சிட்னித் தொடரின் கேடயத்துக்குக் கில்டினனின் பெயர் சூட்டப்பட்டது.)

அதே 1908 இல் ஆஸ்திரேலிய ரக்பி யூனியன் அணியும் பிரித்தானியாவில் இருந்தது என்பதும், அது இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றது என்பதும் குறிப்பிடத்தக்கன. அவ்வணியைச் சேர்ந்தோர் பலர் 1909 இல் லீக்குக்கு மாறினர். ஜேம்ஸ் ஜாயின்டன் ஸ்மித் என்னும் செல்வந்தர் பொருள் கொடுத்து, இவ்விரு அணிகளும் மோதும் ஆட்டங்களை நடத்தினார். 1907 இல் மெசெஞ்சர் திறந்த கதவு 1909 இல் அகலமானது. சிட்னியில் ரக்பி யூனியன் தன் முதலிடத்தை இழந்தது இதன் பின்னரே. ஆகவே, லீக்கின் வெற்றிக்கு மெசெஞ்சர் ஒருவரே காரணம் என்று சில நூல்கள் கூறுவது சற்று மிகையாகும். அவர் இல்லையேல் லீக் 1907 ஐத் தாண்டியிருக்காது என்பது ஏற்கத்தக்கது; 1909 ஐத் தாண்டியதற்கு வேறு பலரும் காரணம்.

ஆட்ட முறை

மெசெஞ்சர் பெரும்பாலும் "சென்டர்" எனப்படும் நடுப் பின்வரிசை இடத்தில் ஆடினார். சுமார் 172 செ.மீ. உயரமே உள்ள இவர், உருவத்தால் அச்சுறுத்தும் ஆட்டக்காரர் அல்லர். எதிரணியினர் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியாதபடி ஆடுவதே இவரது வலிமை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தை எதிராளியின் தலைக்கு மேல் உதைத்து, அவரைச் சுற்றி ஓடி, தரையில் விழுமுன் தானே பிடிப்பது இவரது வழக்கமான உத்தி. தடுக்க வருபவரைத் தாண்டிப் பாய்ந்து கோட்டுக்கு அப்பால் விழுவதும் உண்டு. நிலைப்பந்தை உதைத்துக் கோல் போடுவதில் இவருக்கு இணையானவர் அக்காலத்தில் அரிது. பக்கக்கோட்டின் அருகிலிருந்தும் நெடுந்தொலைவிலிருந்தும் கம்பங்களுக்கிடையே பந்தைச் செலுத்துவார்.

இதன் மதிப்பை உணர அக்காலப் புள்ளி முறையை நினைவில் கொள்ள வேண்டும். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் பதிப்பது "ட்ரை" எனப்படும். இதற்கு அன்று 3 புள்ளிகள். கம்பங்களுக்கிடையே உதைக்கும் கோலுக்கு 2 புள்ளிகள். அதாவது இரண்டு கோல்கள் ஒரு ட்ரையை விட மதிப்பு மிக்கவை. நல்ல உதைப்பாளர் ஒருவர் இருந்தால், எதிரணி தன் பகுதியில் செய்யும் ஒவ்வொரு தவறும் புள்ளியாக மாறும். மெசெஞ்சர் இருக்கும் அணிக்கு எதிராக ஆடுவோர் களத்தின் எந்தப் பகுதியிலும் தவறு செய்ய அஞ்சினர்.

1911 உம் கேடயமும்

1910 இல் ஜேம்ஸ் லோமாஸ் தலைமையில் பிரித்தானிய அணி முதன்முறையாக ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது மெசெஞ்சர் அதனை எதிர்த்து ஆடினார். எனினும் அவரது வாழ்வின் உச்சம் 1911 ஆகும். அவ்வாண்டு குயின்ஸ்லாந்துக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 4 ட்ரைகள், 10 கோல்கள் என மொத்தம் 32 புள்ளிகளை அவர் ஒருவரே எடுத்தார். அப்பருவத்தில் அனைத்து ஆட்டங்களையும் சேர்த்து அவர் எடுத்த புள்ளிகள் 270. இச்சாதனை 1935 வரை, அதாவது 24 ஆண்டுகள், நிலைத்தது. அதனை முறியடித்த டேவ் பிரவுனும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்தவரே.

1911 இறுதிப் போட்டியில் கிளீப் அணியை 11–8 என வென்று ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் தன் முதல் வாகையர் பட்டத்தைப் பெற்றது. 1912, 1913 ஆகிய ஆண்டுகளிலும் அக்கழகமே வென்றது. அந்த ஆண்டுகளில் மெசெஞ்சர் அதன் தலைவராக இருந்தார். 1911-12 இல் பிரித்தானியா சென்ற இரண்டாவது கங்காரு அணியில் இடம் பெற அவர் விரும்பவில்லை. 1911 இல் அவருக்குத் திருமணம் நடந்தது. 1913 பருவத்துடன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

மூன்று முறை தொடர்ந்து வெல்லும் கழகம் அரச வேளாண் சங்கக் கேடயத்தை நிரந்தரமாக வைத்துக் கொள்ளலாம் என்பது அன்றைய ஏற்பாடு. அவ்வாறு பெற்ற கேடயத்தை ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகம் தன்னிடம் வைத்துக் கொள்ளாமல் மெசெஞ்சருக்கே அளித்து விட்டது. ஒரு கழகம் தன் ஆட்டக்காரருக்குச் செய்யக்கூடிய சிறப்பு இதனினும் பெரிதாக இருக்க முடியாது. அக்கேடயம் பின்னர் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது.

மெசெஞ்சரின் தம்பி வாலி மெசெஞ்சரும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்தில் ஆடி, 1914 இல் ஆஸ்திரேலிய அணியில் இடம் பெற்றவர்.

பிற்கால வாழ்க்கை

ஆட்டத்தில் ஈட்டிய புகழ் மெசெஞ்சருக்குச் செல்வமாக மாறவில்லை. மதுவும் புகையும் தவிர்த்தவரான இவர் சில காலம் மதுவிடுதி நடத்தும் தொழிலில் ஈடுபட்டார் என்பது சற்று முரணாகத் தோன்றலாம். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் பலரும் அன்று அத்தொழிலையே நாடினர். பின்னர் தச்சுவேலை செய்து பிழைத்தார். படகுக் கொட்டகையில் கற்ற கைத்தொழிலே கடைசியில் கைகொடுத்தது. 1959 நவம்பர் 24 அன்று நியூ சவுத் வேல்சின் கன்னடா என்னும் ஊரில் தமது 76 ஆம் அகவையில் காலமானார். இவரது பெயரன் மூன்றாம் டாலி மெசெஞ்சர், தம் பாட்டனாரின் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதியுள்ளார்.

நினைவும் சிறப்புகளும்

1980 முதல் சிட்னித் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கு டாலி எம் பதக்கம் வழங்கப்படுகிறது. தொடர் பின்னர் தேசிய அளவில் விரிந்த போதும் விருதின் பெயர் மாறவில்லை. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இவர் பெயரில் ஒரு பார்வையாளர் மாடம் இருந்தது. மைதானம் புதுப்பிக்கப்பட்டபோது அது இடிக்கப்பட்டு, 2014 இல் புதிய மாடம் திறக்கப்பட்டது. 2008 இல் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் நூற்றாண்டையொட்டி அறிவிக்கப்பட்ட நூற்றாண்டு அணியில், மாற்று ஆட்டக்காரர்களுள் ஒருவராக மெசெஞ்சர் இடம் பெற்றார்.

"அமரர்" என்னும் தகுதி இவருக்குத் தாமதமாகவே கிடைத்தது. 1981 இல் இச்சிறப்பு தொடங்கப்பட்டபோது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆடியவர்கள் மட்டுமே கருதப்பட்டனர். தேர்வாளர்கள் தாம் நேரில் கண்டவர்களையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதற்குக் கூறப்பட்ட நியாயம். விருதுக்குப் பெயர் கொடுத்தவருக்கே அமரர் பட்டியலில் இடமில்லை என்ற விந்தையான நிலை இதனால் பல ஆண்டுகள் நீடித்தது. இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பின், 2018 ஆகஸ்டில் டேவ் பிரவுன், பிராங்க் பர்ஜ், நார்ம் புரோவன், மால் மெனிங்கா ஆகியோருடன் மெசெஞ்சரும் அமரராக அறிவிக்கப்பட்டார்.

ரக்பி யூனியன் 1995 ஆகஸ்டில் அமெச்சூர் விதியைக் கைவிட்டு, ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் வழங்க அனுமதித்தது. மெசெஞ்சர் எதற்காக விலக்கப்பட்டாரோ அது 88 ஆண்டுகளுக்குப் பின் முறையான வழக்கமாயிற்று. அதன் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2007 இல், நியூ சவுத் வேல்சு ரக்பி யூனியன் மெசெஞ்சரின் நீக்கப்பட்ட பதிவுகளைத் தன் ஏடுகளில் மீண்டும் சேர்த்துக் கொண்டது.